குளிர்காலத்தில் மாட்டுத் தண்ணீர்: எந்த அறிகுறிக்கு எங்கே கை வைப்பது

கனடாவின் ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவன், மானிட்டோபா பக்கம் ஜனவரியில் மைனஸ் 30 என்பது பேசும் விஷயமே இல்லை. இறைச்சிக்காக வளர்க்கும் மந்தைகள் அந்தக் குளிரிலும் வெளியில்தான் நிற்கின்றன. அடர்ந்த முடி, வயிறு நிறையத் தீனி, காற்றை மறிக்க ஒரு பலகை வேலி, இந்த மூன்றும் இருந்தால் மாடு சமாளித்துவிடும். தண்ணீர் நின்றுபோனால்தான் சிக்கல். பால் வற்றிய சினை மாட்டுக்கே குளிர்காலத்தில் நாளொன்றுக்கு 30 முதல் 40 லிட்டர் வேண்டும். கன்றுக்கு ஊட்டுகிற மாட்டுக்கு அதைவிடக் கூடுதல். பால் பண்ணைக் கறவை 100 லிட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். உலர்புல்லில் ஈரம் நூற்றுக்குப் பத்துப் பதினைந்துதான் என்பதால் தீனியிலிருந்து தண்ணீர் கிடைத்துவிடும் என்று இருக்க முடியாது. தண்ணீர் குறைந்தால் மாடு தின்பதைக் குறைக்கும். தின்பது குறைந்தால் உடம்பில் சூடு உண்டாவது குறையும். அதுவரை பொறுத்துக்கொண்ட குளிர் அப்போதுதான் உறைக்கத் தொடங்கும்.

தொட்டி உறைந்ததும் பெரிய ஹீட்டராக வாங்கி மாட்டலாம் என்பது பலருக்கு முதல் யோசனை. எனக்கு அதில் உடன்பாடில்லை. பெரும்பாலான சமயங்களில் குறை சூட்டில் இல்லை, எங்கோ ஒரு விரற்கடை இடுக்கு வழியாக நுழையும் காற்றில் இருக்கிறது. அதை அடைக்காமல் சூட்டைக் கூட்டினால் மின்கட்டணம்தான் ஏறும்.

இங்கே தொட்டி என்பது பெரும்பாலும் நிலத்தடிக் குழாயிலிருந்து மிதவை வால்வு வழியாகத் தானே நிரம்பும், உள்ளே ஹீட்டர் வைத்த, சுற்றிலும் மூடிய தொட்டி. உங்கள் தொட்டியில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். மந்தை ஒரு நாளுக்கு மேல் தண்ணீர் இல்லாமல் இருந்திருந்தால் மட்டும் முதல் தலைப்பைத் தாண்டாதீர்கள்.

மந்தை தாகத்தில் நிற்கிறது, இப்போதுதான் கவனித்தீர்கள்

கண் உள்வாங்கி, விலா ஒட்டி, சாணம் காய்ந்த உருண்டைகளாக விழுந்தால் தாகம் முற்றிவிட்டது என்று அர்த்தம். தொட்டியைச் சரிசெய்த கையோடு மொத்தமாகத் திறந்து விடாதீர்கள். தண்ணீர் கிடைக்காத நாட்களிலும் உப்புக்கட்டியையும் தாதுக்கலவையையும் நக்கிக்கொண்டிருந்த மாட்டின் உடம்பில் சோடியம் ஏறியிருக்கும். அந்த நிலையில் ஒரே மூச்சில் வயிறு முட்டக் குடித்தால் மூளை வீங்கும். தள்ளாட்டம், பார்வை மங்கல், வலிப்பு என்று போய் மாடு சாகவும் கூடும். ஒரு மணி நேரத்துக்கு உடல் எடையில் அரை சதவீதம், அதாவது 600 கிலோ மாட்டுக்கு 3 லிட்டர், என்பதுதான் கால்நடை மருத்துவத்தில் சொல்லும் அளவு. மந்தையில் இதை அளந்து கொடுப்பது லேசான வேலை இல்லை. தொட்டியைச் சுற்றிக் கேட் போட்டு, நான்கைந்து மாடுகளாக உள்ளே விட்டு, சற்று நேரத்தில் வெளியேற்றி அடுத்ததை விட வேண்டும். மருத்துவருக்கு முதலிலேயே போன் போட்டுவிடுங்கள்.

காலையில் உறைந்து மதியம் சரியான தொட்டிக்கெல்லாம் இவ்வளவு தேவையில்லை. நெரிசலில் கன்று மிதிபடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தொட்டி காலி, தண்ணீர் வரவே இல்லை

எல்லாத் தொட்டியும் நின்றதா, ஒன்று மட்டுமா? இதைப் பார்க்காமல் ஸ்பேனரை எடுக்காதீர்கள்.

எல்லாம் நின்றிருந்தால் பம்பு அறைக்குப் போங்கள். பிரேக்கர் விழவில்லை, கிணற்றிலும் தண்ணீர் இருக்கிறது என்றால், பிரஷர் சுவிட்சுக்குப் போகும் கால் அங்குலக் குழாயைத் தொட்டுப் பாருங்கள். சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத அந்தக் குழாய்தான் அறையில் முதலில் உறையும். உறைந்தால் உண்மையான அழுத்தம் சுவிட்சுக்குத் தெரியாது. பம்பு ஓடாமலே இருக்கும், இல்லையென்றால் ஓட ஆரம்பித்து நிற்காது. ஹேர் டிரையரைச் சில நிமிடம் காட்டினால் இளகிவிடும். அப்புறம் அந்த அறைக்குக் கதவிடுக்கு அடைப்பும், தெர்மோஸ்டாட் வைத்த சிறு ஹீட்டரும் வையுங்கள். கயிற்றில் தொங்கும் ஹீட் லாம்பு வேண்டாம். அது கழன்று விழுந்தால் தீதான்.

ஒரு தொட்டி மட்டும் நின்றிருந்தால் அதன் பிரேக்கரை அணைத்துவிட்டுப் பக்கவாட்டு மூடியைத் திறங்கள். மிதவையைக் கையால் அழுத்திப் பாருங்கள். தண்ணீர் பாய்ந்தால் குழாயில் குறையில்லை, மிதவைதான் ஐஸில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாயவில்லை என்றால் கீழிருந்து மேலே வரும் குழாய் உறைந்திருக்கிறது. தரைமட்டத்தை ஒட்டிய கடைசி இரண்டு அடியில்தான் இது பெரும்பாலும் நடக்கும்.

இளக்குவது சுலபம். குழாயில் பழைய துணியைச் சுற்றி வெந்நீர் ஊற்றலாம், அல்லது ஹேர் டிரையரை உள்ளே நீட்டி மூடியைச் சாக்கால் மறைத்து அரை மணி நேரம் விடலாம். கேஸ் டார்ச்சைக் கொண்டுவரவே வேண்டாம். உள்ளே இருப்பது பிளாஸ்டிக் குழாயும் நுரைக் காப்பும். வெல்டிங் மெஷினைக் குழாயில் மாட்டி இளக்கும் பழைய வித்தையும் அப்படித்தான். பிளாஸ்டிக்கில் அது வேலை செய்யாது, இரும்பில் தீப்பிடிக்க வழி.

இளகிய பிறகுதான் அசல் வேலை. மூடியின் உட்பக்கத்தைப் பாருங்கள். ஓர் இடத்தில் மட்டும் உறைபனி இறகு இறகாகப் படிந்து நிற்கும். உள்ளே இருக்கும் ஈரக்காற்று வெளிக்காற்றைச் சந்திக்கும் இடம் அது. காற்றடிக்கிற நாளாகப் பார்த்து ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தித் தொட்டியின் அடிப்பாகத்தைச் சுற்றி உட்புறமாகக் கொண்டுபோங்கள். புகை நேராக எழாமல் சாயும் இடத்தில் ஓட்டை. தொட்டியின் அடி சிமென்ட் மேடையில் உட்காரும் கோட்டில்தான் இது அதிகம் கிடைக்கும். மேடை சமமாக இல்லாமல் ஒரு மூலை தூக்கி நின்றால் மேற்குக் காற்று முழுவதும் குழாய் மேல்தான் அடிக்கும். தற்காலிகமாக ஸ்ப்ரே நுரையால் அடைத்து, வெளியே மண்ணையோ பனியையோ அணைத்துவிடுங்கள். கோடையில் தொட்டியைக் கழற்றி, அடியில் ரப்பர் பட்டை வைத்து உட்கார வையுங்கள்.

மின்சாரம் இல்லாமல் பூமிச் சூட்டிலேயே ஓடும் வகை என்றால் இன்னொன்றும் பாருங்கள். தொட்டிக்குக் கீழே ஓர் அடி அகலத்துக்குக் குறையாத ஒரு வெற்றுக் குழல் உறைபனி எட்டாத ஆழம் வரை இறங்கும். அந்த ஆழத்துச் சூடு மேலே ஏறி வருவது அதன் வழியாகத்தான். உறையாமல் இருக்கட்டும் என்று அதற்குள் கண்ணாடிப் பஞ்சைத் திணிக்கிறவர்கள் உண்டு. கீழிருந்து வருகிற சூட்டை அது மறித்துவிடும். குழல் காலியாகவே இருக்க வேண்டும், தண்ணீர்க் குழாய் அதன் நடுவில் நிற்க வேண்டும், சுவரில் சாயக் கூடாது.

மேலே எல்லாம் சரியாக இருந்தும் தண்ணீர் வரவில்லையா? அப்போது புதைத்த குழாய் உறைந்திருக்கிறது. இது ஜனவரியைவிட மார்ச்சில் வருவது அதிகம், புதியவர்கள் இதில்தான் குழம்புகிறார்கள். வெளியே வெயில் அடித்தாலும் மண்ணுக்குள் இறங்கிய குளிர் இன்னும் கீழே போய்க்கொண்டேதான் இருக்கும். இந்த மாகாணங்களில் 8 அடிக்குக் குறையாமல் குழாய் புதைப்பது அதனால்தான். பாதையைக் கடக்கும் இடத்தை முதலில் சந்தேகப்படுங்கள். மேலே பனி கிடந்தால் அது போர்வை. டிராக்டர் போவதற்காகப் பனியை வழித்த இடத்தில் போர்வை இல்லை, குளிர் இன்னும் ஆழமாக இறங்கும். பெரிய குழாய்க்குள் ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி, வெந்நீரை அதன் வழியே பம்பு செய்துகொண்டே முன்னால் தள்ளினால் அடைப்பு திறக்கும். திறந்ததும் வசந்தம் வரை ஒரு சிறு ஒழுக்கு ஓடிக்கொண்டே இருக்கட்டும், மந்தையிலிருந்து தள்ளி வடிகிற மாதிரி.

ஹீட்டர் ஓடுகிறது, ஆனாலும் மேலே ஏடு கட்டுகிறது

தெர்மோஸ்டாட்டைத் திருகும் முன் தொட்டியில் எத்தனை மாடு குடிக்கிறது என்று யோசியுங்கள். நிலத்தடியிலிருந்து வரும் புதுத் தண்ணீரே ஒரு சூடு. மாடுகள் குடிக்கக் குடிக்க அது உள்ளே வந்துகொண்டிருக்கும். நூறு மாட்டுக்கான தொட்டியில் பன்னிரண்டு மாடு குடித்தால் தண்ணீர் தேங்கிக் குளிர்ந்துவிடும். இரண்டு வாய் உள்ள தொட்டியில் ஒன்றை மூடிவிடுங்கள். குடிக்கும் வாயை ஒரு மிதக்கும் பந்து மூடி நிற்கும் வகையில், பந்து வாயின் வளையத்தோடு பொருந்தி அழுத்தி நிற்கிறதா பாருங்கள். நீர்மட்டம் தாழ்ந்திருந்தால் பந்துக்கும் வளையத்துக்கும் நடுவே காற்று புகும்.

தெர்மோஸ்டாட் 4, 5 டிகிரியில் இருந்தால் போதும். மாட்டுக்கு வெதுவெதுப்பாகக் கொடுக்க வேண்டும் என்று சிலர் ஏற்றி வைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 40 லிட்டரை 0 டிகிரியிலிருந்து மாட்டின் உடல் வெப்பமான 38.6-க்குக் கொண்டுவர சுமார் 6.5 மெகாஜூல் வேண்டும், அது ஒரு கிலோ உலர்புல்லில் கிடைக்கிற சக்திக்கும் குறைவு. அசைபோடும் வயிறு எப்படியும் சூட்டை உண்டாக்கிக்கொண்டேதான் இருக்கிறது. 1,000 வாட் ஹீட்டர் ஓயாமல் ஓடினால் நாளுக்கு 24 யூனிட். தேவை தண்ணீர் திறந்திருப்பது மட்டுமே.

தண்ணீர் இருக்கிறது, மாடு குடிக்க மறுக்கிறது

இந்த ஓர் அறிகுறிக்கு மட்டும் கருவியை எடுக்கும் முன் கால் மணி நேரம் தள்ளி நின்று பார்க்க வேண்டும்.

மாடு தொட்டியருகே வந்து, மூக்கை நீட்டி, உதடு தண்ணீரைத் தொட்டதும் வெடுக்கென்று தலையை இழுத்துக்கொள்கிறதா? பிறகு திரும்ப வந்து, மடக் மடக்கென்று உறிஞ்சாமல் நாய் மாதிரி நாக்கால் நக்குகிறதா? அப்படியானால் மின்கசிவு. மனிதனுக்கு உறைக்காத மின்சாரம் மாட்டுக்கு உறைக்கும். நான்கு கால் ஈரத்தரையில், ஈர மூக்கு தொட்டியில், நடுவில் தோல் செருப்பு எதுவும் இல்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலப் பொதுச் சேவை ஆணையம் 2 மில்லி ஆம்பியரைக் கவலைக்குரிய அளவாக வைத்திருக்கிறது. மாட்டின் உடம்பை 500 ஓம் என்று கொண்டால் அது 1 வோல்ட்.

அளப்பது இப்படி. மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு 500 ஓம் ரெசிஸ்டரை இணையுங்கள். ஒரு முனை தொட்டியின் உலோகத்தில். மறு முனை, மாட்டின் பின்னங்கால் நிற்கும் இடத்தில் வைத்த ஓர் இரும்புத் தகட்டில். உறைந்த தரையில் தகடு சரியாகத் தொடாமல் பூஜ்யம் காட்டி ஏமாற்றும், ஆகவே அதன் அடியில் உப்புக் கலந்த வெந்நீரை ஊற்றிவிட்டு அளங்கள். 1 வோல்ட்டை நெருங்கினால் அந்தத் தொட்டியின் பிரேக்கரை அணைத்துத் திரும்ப அளங்கள். எண் விழுந்துவிட்டால் விரிசல் விட்ட ஹீட்டர் கம்பி, மாடு கடித்த ஒயர், விட்டுப்போன எர்த், இவற்றில் ஒன்று. விழவில்லை என்றால் கசிவு பண்ணையின் வேறு இடத்திலிருந்தோ வெளி மின்பாதையிலிருந்தோ வருகிறது, மின்வாரியத்தைக் கூப்பிட வேண்டியதுதான். எர்த் ஒயரைக் கழற்றிவிட்டால் சரியாகிறது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அடுத்த தடவை அந்தத் தொட்டியில் கை வைப்பது நீங்கள். புதிதாகத் தொட்டி வைக்கிறவர்கள் மேடைக்குள் கம்பி வலை போட்டுத் தொட்டியோடும் எர்த்தோடும் இணைத்துவிட்டால், கால் இருக்கும் இடத்துக்கும் மூக்கு இருக்கும் இடத்துக்கும் வோல்ட் வித்தியாசமே இராது.

மாடு தண்ணீரைத் தொடவே இல்லை, பத்தடி தள்ளியே நின்று கத்துகிறதா? தரையைப் பாருங்கள். தொட்டியைச் சுற்றி வழுக்கும் ஐஸ் இருந்தால் சினை மாடு கால் வைக்காது. வைத்து, பின்னங்கால் இரண்டு பக்கமும் விரிந்து விழுந்தால் எழுந்திருப்பது கஷ்டம். மணல், சரளை, அடுப்புச் சாம்பல், எது கையில் இருக்கிறதோ அதைத் தூவுங்கள்.

பெரிய மாடுகள் குடிக்கின்றன, கிடாரிகளும் இளங்கன்றுகளும் குடிக்கவில்லை என்றால் தொட்டியில் குறையில்லை. மூத்த பசு ஒன்று வாயை மறித்து நிற்கும். தண்ணீர் தொலைவில் இருந்தால் மந்தை மொத்தமாகப் போய் மொத்தமாகத் திரும்பும், பின்னால் நின்ற சின்னது குடிக்காமலே கூடத் திரும்பிவிடும். அவற்றைப் பிரித்துவிடுவதுதான் வழி.

முகர்ந்துவிட்டு விலகினால் தண்ணீரையே சந்தேகப்படுங்கள். குட்டைத் தண்ணீர் உறையும்போது ஐஸ் உப்பை உள்ளே விடாது. கரைந்த உப்பும் சல்பேட்டும் அடியில் மிஞ்சும் தண்ணீரில் செறியும். குட்டையின் கரை சரிவாக வெட்டியிருப்பதால் மேல்பகுதிதான் அகலம். மூன்றடி ஐஸ் கட்டினால் கொள்ளளவில் கணிசமான பங்கு போய்விடும். சல்பேட் லிட்டருக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டினால் தாமிரச் சத்து உடம்பில் சேர்வது கெடும். இன்னும் ஏறினால் மூளை பாதித்து மாடு குருடாகச் சுற்றும், சுவரில் தலையை முட்டி நிற்கும். 2017 ஜூலையில் சஸ்காச்சுவனின் ஷாம்ராக் அருகே 200 மாடுகள் செத்துக் கிடந்தது வறட்சியில் உப்பு செறிந்த தண்ணீரால். கோடை வெயில் செய்ததையே குளிர்கால ஐஸும் செய்யும். இலையுதிர் காலத்தில் எடுத்த தண்ணீர்ச் சோதனை பிப்ரவரிக்குச் செல்லாது, ஐஸைத் துளைத்துத் திரும்ப எடுத்து அனுப்புங்கள்.

தொட்டி வழிந்து சுற்றிலும் ஐஸ் மேடு

மிதவை வால்வின் வாயில் மணலோ துருவோ சிக்கியிருக்கும், அல்லது மிதவைக்குள் தண்ணீர் புகுந்து மூழ்கியிருக்கும். வால்வின் ரப்பர் வாஷர் ஒன்று வீட்டில் எப்போதும் இருக்கட்டும், ஜனவரி ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடையும் திறந்திருக்காது. ஐஸைக் கடப்பாரையால் உடைக்கும்போது தொட்டியின் ஓரத்திலிருந்து விலகி உடையுங்கள்.

பனி உறையாத கைப்பிடிக் குழாய் தூக்க வரவில்லை, அல்லது தூக்கினாலும் வறட்சி

ஹோஸ் பைப் மாட்டியபடியே இருக்கிறதா? அதுதான் காரணம். இந்தக் குழாயின் வால்வு அடியில், உறைபனிக்குக் கீழே இருக்கிறது. அடைத்ததும் குழாயில் நிற்கும் தண்ணீர் அடியில் உள்ள ஒரு சிறு துளை வழியாக மண்ணில் வடிந்துவிட வேண்டும். ஹோஸ் மாட்டியிருந்தால் மேலிருந்து காற்று நுழையாது, தண்ணீர் வடியாது, இரவில் உறைந்துவிடும். ஹோஸைக் கழற்றி வெந்நீர் ஊற்றுங்கள். கழற்றிய பிறகும் திரும்பத் திரும்ப உறைந்தால் வடிதுளை களிமண்ணில் அடைபட்டிருக்கிறது. கோடையில் தோண்டி அடியில் ஒரு வண்டி சரளை போட வேண்டும்.

சோலார் பம்பு மூன்று மேகமூட்ட நாளில் நின்றுவிட்டது

பேட்டரிதான். லெட் ஆசிட் பேட்டரி மைனஸ் 18-இல் தன் கொள்ளளவில் பாதியைத்தான் தரும். டிசம்பரில் சாஸ்கட்டூனில் பகலே எட்டு மணி நேரத்துக்குக் குறைவு. சார்ஜ் இறங்கிப்போன பேட்டரி மைனஸ் 8 அளவிலேயே உறைந்து விரிசல் விடும். முழு சார்ஜில் இருந்தால் மைனஸ் 50-ஐயும் தாங்கும். பேட்டரியை மண்ணுக்குள் செங்குத்தாக இறக்கிய கல்வர்ட்டில், அதாவது அகலமான வெற்றுக் குழாயில், வையுங்கள், கொள்ளளவைக் கோடைத் தேவையைவிடத் தாராளமாகப் போடுங்கள். பேனலைச் செங்குத்துக்கு நெருக்கமாக நிமிர்த்தினால் தாழ்ந்த சூரியனும் படும், பனியும் சறுக்கி விழுந்துவிடும்.

மூக்கால் தள்ளும் பம்பில் தண்ணீர் வரவில்லை

மாடே தள்ளிக் குடிக்கும் இந்தப் பம்புக்கு மின்சாரம் வேண்டாம். குடித்தது போக மீதி கல்வர்ட்டுக்குள் திரும்ப வடிந்துவிடும், கீழிருந்து ஏறும் சூடு கிண்ணத்தைக் காக்கும். தள்ளுகோல் லேசாக ஆடித் தண்ணீர் வரவில்லை என்றால் பிஸ்டன் வாஷர் தேய்ந்திருக்கும், அல்லது கிணற்றில் நீர்மட்டம் இறங்கியிருக்கும். கிண்ணத்தில் ஐஸ் நின்றால் வடிதுளையைப் பாருங்கள், கல்வர்ட் மூடி சரிந்து காற்று புகுகிறதா என்றும் பாருங்கள். பம்பில் பழுதே இல்லாமல் மந்தை குடிக்காமல் நின்றால் பழக்கம் போதவில்லை. தெரிந்த பசு ஒன்றைச் சேர்த்துவிட்டு முதல் சில நாள் அருகிலேயே இருந்து கவனியுங்கள். தாயிடமிருந்து பிரித்த கன்றுகளுக்கு இதை ஒரே ஆதாரமாக வைக்காதீர்கள். தள்ள அவற்றுக்கு வலு போதாது.

மாடுகள் குட்டை ஐஸ் மேல் நடக்கின்றன

வேறு எதையும் பார்க்காமல் இன்றே வேலி போடுங்கள். கோடரியால் வெட்டிய துளையைச் சுற்றி மந்தை கூடினால் அந்த எடைக்கு ஐஸ் விரிசல் விடும். காற்றேற்றும் கருவி ஓடும் குட்டையில் ஐஸ் சில இடங்களில் காகிதம்போல் இருக்கும், மேலே பனி மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. குட்டையிலிருந்து உறைபனிக்குக் கீழாகக் குழாய் போட்டு, கரையில் ஒரு கல்வர்ட் கிணற்றில் தண்ணீரை எடுப்பதே சரியான ஏற்பாடு.

தொட்டியே இல்லை, பனியை நக்கிக்கொண்டிருக்கின்றன

இது எப்போதும் கோளாறு இல்லை. ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் சினைப்பசுக்களை வைத்துச் செய்த ஆய்வில், பனியை மட்டும் நம்பிய மாடுகளும் தண்ணீர் குடித்த மாடுகளுக்கு ஈடாகவே இருந்தன. பழக மூன்று நான்கு நாள் பிடிக்கும். தின்றுகொண்டே இடையிடையே ஒரு வாய் பனி என்று நாள் முழுவதும் எடுக்கும். பனி மெத்தென்று, மிதிபடாமல், சுத்தமாக, நிறைய இருக்க வேண்டும். பால் கொடுக்கும் மாட்டுக்கும், மெலிந்ததற்கும், புதிதாகப் பால் மறந்த கன்றுக்கும் இது போதாது.

சாணம் இறுகினாலோ, தீனி மிஞ்சினாலோ, பழைய தொட்டி இருந்த இடத்தில் மந்தை கூடி நின்றாலோ பனி போதவில்லை. தெற்கு ஆல்பர்ட்டாவில் சினூக் என்னும் வெப்பமான மலைக்காற்று வீசினால் ஒரே நாளில் பனி உருகி, இரவில் பொறுக்காக இறுகிவிடும். மாட்டின் நாக்கு அதைப் பெயர்க்காது. அந்தப் பகுதியில் இருந்தால் வானிலை அறிக்கையில் சினூக் என்று கேட்டதும் தண்ணீர் வண்டியை நிரப்பிக் கொட்டகைக்குள் நிறுத்திவிடுங்கள்.